ஆறு வழிச் சாலையில் 570 பேருந்துக்கு எது வழி?

சென்னை நீலாங்கரையில் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் குடியிருப்பவருக்கு துரைப்பாக்கத்தில் வேலை என்றால், கேட்பவர்கள் "பக்கத்திலேயே கிடைச்சிடுச்சே" என்பார்கள். வரைபடத்தில் பக்கம்தான். நேர்க்கோட்டில் அளந்தால் இரண்டு கிலோமீட்டர் சொச்சம். ஆனால் நடுவில் பக்கிங்காம் கால்வாய் கிடக்கிறது. வடக்கே போய் வளைந்து வர வேண்டும். இல்லையென்றால் தெற்கே அக்கரை வரை போய், சோழிங்கநல்லூர் இணைப்புச் சாலை பிடித்து, மறுபடி வடக்கே ஏற வேண்டும். இரண்டு ஊரையும் நேராக இணைக்க ஒரு பாலம் என்பது பல ஆண்டுக் கோரிக்கை. திட்டம் உண்டு, அறிவிப்பு உண்டு. நில எடுப்பு மட்டும் ஆண்டுக்கணக்கில் நடந்துகொண்டே இருந்தது.

அந்தப் பாலம் இல்லாததால் யாருக்கு நட்டம்? கார் வைத்திருப்பவருக்குப் பெட்ரோலும் கொஞ்சம் எரிச்சலும். பேருந்தில் போகிறவருக்கு இரண்டு பேருந்து, இரண்டு காத்திருப்பு, சில நேரம் நடுவே ஒரு ஷேர் ஆட்டோ. சென்னைப் போக்குவரத்தைப் பற்றிய விவாதம் எப்போது கிளம்பினாலும் இரண்டு கட்சி சேர்ந்துவிடுகிறது. சாலை போடப் போட வண்டிதான் பெருகும், எல்லாப் பணத்தையும் மெட்ரோவில் போடுங்கள் என்பது ஒன்று. மெட்ரோ எத்தனை பேருக்கு எட்டும், முதலில் ரோட்டைப் போடுங்கள் என்பது மற்றது. இரண்டு பேருமே பேருந்து எதன் மீது ஓடுகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். இந்த ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்டது பழைய மாமல்லபுரம் சாலை, அதாவது ராஜீவ் காந்தி சாலை, எல்லோர் வாயிலும் ஓ.எம்.ஆர். அரசு மனம் வைத்துப் பெரிய சாலை போட்ட இடம் அது. பேருந்துப் பயணிக்கு அந்தச் சாலை ஏன் பாதியாகவே வந்து சேர்ந்தது என்பதையும் அங்கேதான் தெளிவாகப் பார்க்க முடியும்.

சாலை வந்த கதை

2000-ல் தரமணியில் டைடல் பூங்கா என்ற தகவல் தொழில்நுட்ப வளாகம் திறந்தபோது அதற்குத் தெற்கே இருந்தது இருவழிச் சாலை. பெருங்குடி, துரைப்பாக்கம், காரப்பாக்கம், சோழிங்கநல்லூர், செம்மஞ்சேரி, நாவலூர், கேளம்பாக்கம் என்று ஊர் ஊராக ஒரு பக்கம் ஏரியும் சதுப்பும், மறுபக்கம் கால்வாயும் கூடவே வந்தன. நிறுவனங்கள் வரிசையாகக் கட்டடம் எழுப்பத் தொடங்கியதும் அந்தச் சாலை தாங்காது என்பது உடனே தெரிந்துவிட்டது. ஒரு லாரி பழுதாகி நின்றால் கேளம்பாக்கம் வரை வண்டிகள் நிற்கும் காலம் அது.

விரிவாக்கும் வேலை தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனத்திடம் போனது. மாநில அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் ஐ.எல்.அண்ட்.எஃப்.எஸ். என்ற நிதி நிறுவனமும் சரிபாதிப் பங்கில் 1998-ல் தொடங்கிய கூட்டு நிறுவனம் அது. கிழக்குக் கடற்கரைச் சாலையை மேம்படுத்தி 2002 முதல் சுங்கம் வசூலித்த அனுபவம் அதற்கு இருந்தது. ஓ.எம்.ஆருக்கு என்று ஒரு துணை நிறுவனம் உருவானது. மத்திய கைலாஷில் இருந்து சிறுசேரி வரை சுமார் 20 கிலோமீட்டர் ஆறு வழிச் சாலையாகி, 2008 அக்டோபரில் திறக்கப்பட்டது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே சுங்கம் தொடங்கியது.

இந்தச் சாலையைக் குறை சொல்லிக்கொண்டே போவது எளிது. ஆனால் அது செய்த வேலை சிறியதல்ல. சிறுசேரியில் ஆயிரக்கணக்கானோர் வேலை பார்க்கும் வளாகங்கள் எழுந்ததும், நாவலூரில் வீடு வாங்கலாம் என்று சம்பளக்காரருக்குத் தோன்றியதும், கேளம்பாக்கம் வரை பேருந்து ஒழுங்காகப் போய்த் திரும்பியதும் இந்தச் சாலையால்தான். சாலையே வேண்டாம் என்று அன்று முடிவெடுத்திருந்தால் மெட்ரோ அதற்கு முன்பே வந்திருக்கும் என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை. முதல் மெட்ரோ ரயில் கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையே ஓடியதே 2015 ஜூனில்தான். ஓ.எம்.ஆர். அதன் முதல் கட்டப் பாதையில் இல்லவே இல்லை.

கோளாறு வேறு இடத்தில். சுங்கச் சாலையின் கணக்குப் புத்தகத்தில் ஏறுவது வண்டி. சாவடியைக் கடக்கும் கார் வரவு, லாரி வரவு. பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் ஆளுக்கு அந்தப் புத்தகத்தில் பத்தி கிடையாது. சாலையைக் குறுக்கே கடக்கும் ஆள் தொந்தரவாக மட்டுமே தெரிவார். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ததாக நான் சொல்லவில்லை. எதை எண்ணச் சொல்லி ஒரு நிறுவனத்தைத் தொடங்குகிறோமோ அதைத்தான் அது எண்ணும்.

நிறுத்தத்தில் நின்று பார்த்தால்

ஓ.எம்.ஆரில் முதன்மைப் பாதை தனி, சர்வீஸ் ரோடு தனி. பேருந்து எதில் நிற்க வேண்டும்? சர்வீஸ் ரோட்டுக்குள் இறங்கினால் ஆளை ஏற்றிக்கொண்டு மீண்டும் முதன்மைப் பாதையில் நுழைவதற்குள் ஓட்டுநருக்கு உயிர் போகும். முதன்மைப் பாதையிலேயே நிறுத்தினால் பயணி ஓடி வந்து ஏற வேண்டும். நிறுத்தம் என்று ஒதுக்கிய இடங்களில் ஷேர் ஆட்டோவும் கம்பெனி வேனும் நிற்கும். அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது, அவர்களுக்கும் வேறு இடம் வைக்கவில்லை. பிறகு குடிநீர்க் குழாய்க்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் சர்வீஸ் ரோட்டைத் தோண்டினார்கள். இத்தனை உயரக் கட்டடங்கள் நிற்கும் சாலையில் தண்ணீர் வருவது லாரியில். கட்டும்போதே அடியில் குழாய் போட்டிருந்தால் பின்னால் தோண்டியிருக்க வேண்டாம் என்பதைச் சொல்லப் பொறியாளர் தேவையில்லை.

கடப்பது இன்னும் மோசம். நெரிசலைக் குறைக்க சந்திப்புகளில் சிக்னலை எடுத்துவிட்டு, தள்ளி ஒரு யு-டர்ன் வைப்பது இந்தச் சாலையில் பழக்கமான மருந்து. வண்டிக்கு நல்லது, சிவப்பு விளக்கில் நிற்க வேண்டாம். ஆனால் நடப்பவர் குறுக்கே போனது அந்தச் சிவப்பு விளக்கு தந்த அரை நிமிடத்தில்தான். விளக்கு போனதும் அவருக்கான நேரமும் போயிற்று. பேருந்தில் போகிற ஒவ்வொருவரும் நாளுக்கு ஒரு முறையாவது சாலையைக் கடந்தே ஆக வேண்டும்: காலையில் இந்தப் பக்கம் ஏறினால் மாலையில் அந்தப் பக்கம் இறங்குவார். ஆறு வழிச் சாலையைக் கடக்க வழி வைக்காதது அவருடைய பயணத்தில் பாதியை அறுத்துப் போட்டதற்குச் சமம்.

திருவான்மியூர் பறக்கும் ரயில் நிலையமும் டைடல் பூங்காவும் ஏறக்குறைய எதிரெதிர். ரயில் அங்கே வந்தது 2004-ல். ரயில் ஒரு துறை, சாலை ஒரு துறை, பூங்கா ஒரு நிறுவனம். நடுவில் இருந்த சந்திப்பில் நடந்து போனவர்கள் மட்டும் யாருடைய பொறுப்பிலும் வரவில்லை. சந்திப்புக்கு யு-டர்ன் மேம்பாலங்கள் என்று திட்டம் வகுத்து, இந்திரா நகரில் முதலாவதைத் திறந்தது 2023 நவம்பரில். நிலையத்தையும் பூங்காவையும் இணைக்கும் நடை மேம்பாலமும் அந்தத் திட்டத்தின் ஒரு பகுதியாகத்தான் பட்டியலுக்குள் வந்தது. ரயில் வந்து ஏறக்குறைய இருபது ஆண்டு ஆன பிறகு.

நெரிசலில் நிற்கும் ஆறு பேருந்துகள்

சாலைச் செலவைப் பொதுப் போக்குவரத்துச் செலவாகவும் ஏன் பார்க்க வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு போதும். ஒரு தடத்தில் போய்த் திரும்ப மூன்று மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து நிமிடத்துக்கு ஒரு பேருந்து விட வேண்டுமானால் 18 பேருந்து தேவை. அதே தடத்தில் நெரிசல் கூடி, போய்த் திரும்ப நான்கு மணி நேரம் ஆனால்? அதே பத்து நிமிட இடைவெளிக்கு 24 பேருந்து. பயணி ஒருவர்கூடக் கூடவில்லை, வருமானம் ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை. ஆறு பேருந்தை வாங்கி நெரிசலில் நிறுத்தி வைத்திருக்கிறோம். ஆறு பேருந்துக்கு இரண்டு ஷிப்டு, ஷிப்டுக்கு ஓட்டுநர் ஒருவர், நடத்துநர் ஒருவர் என்றால் 24 பேரின் சம்பளம் தனி.

நடப்பில் யாரும் அந்த ஆறு பேருந்தை வாங்கித் தருவதில்லை. அதே 18 பேருந்தைக் கொண்டு ஓட்டுகிறார்கள். இடைவெளி பத்தில் இருந்து பதின்மூன்றுக்குப் போகிறது, அப்புறம் மாலை நேரத்தில் மூன்று பேருந்து ஒன்றன்பின் ஒன்றாக வந்து, அடுத்த நாற்பது நிமிடத்துக்கு ஒன்றும் வராது. நேரம் மீறினால் கடைசி நடை பாதியிலேயே திரும்பும், கட் சர்வீஸ் ஆகும். கோயம்பேட்டில் இருந்து வரும் 570-க்கும் பிராட்வேயில் இருந்து வரும் 102-க்கும் காத்து நின்றவர்களிடம் இதை விளக்கத் தேவையில்லை. காத்திருந்து சலித்தவர் முதலில் ஷேர் ஆட்டோவுக்குப் போகிறார், சம்பளம் கொஞ்சம் ஏறியதும் தவணையில் ஒரு ஸ்கூட்டி. அந்த ஸ்கூட்டியும் அதே சாலையில்தான் ஏறுகிறது. பெரிய நிறுவனங்களோ தம் ஊழியர்களுக்குத் தாமே பேருந்தும் காரும் அமர்த்திக்கொண்டன. அரசு செய்யாத பொதுப் போக்குவரத்தைத் தனியார் செய்தார்கள். அடையாள அட்டை உள்ளவர் மட்டும் ஏறலாம்.

1970 வாக்கில் சென்னையின் பயணங்களில் பாதிக்கு மேல் பேருந்திலும் ரயிலிலும் நடந்தன. 2008 வாக்கில் அது மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. இருசக்கர வாகனத்தின் பங்கு இதே காலத்தில் ஏறக்குறைய ஒன்றுமில்லாத நிலையில் இருந்து நாலில் ஒன்றானது. பேருந்தின் எண்ணிக்கை போதாதது இதற்குப் பெரிய காரணம்தான். பேருந்தின் வேகம் விழுந்தது இன்னொரு காரணம், அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு.

கண்ணகி நகர்

ஓ.எம்.ஆர். என்றால் கண்ணாடிக் கட்டடம் என்று நினைப்பவர்கள் துரைப்பாக்கத்தில் ஒரு திருப்பம் திரும்பிப் பார்க்க வேண்டும். கூவம், அடையாற்றங்கரைகளிலும் நகரின் பிற இடங்களிலும் இருந்து அகற்றப்பட்ட குடும்பங்களை 2000-ல் இருந்து கண்ணகி நகரில் குடியமர்த்தினார்கள். பிறகு செம்மஞ்சேரி, அதன் பிறகு பெரும்பாக்கம். மூன்றும் சேர்ந்து ஒரு நடுத்தர நகரத்தின் மக்கள்தொகை. இவர்களில் பெரும்பாலோரின் வேலை மயிலாப்பூரிலும் தி.நகரிலும் சென்ட்ரல் பக்கத்திலும் இருந்தது. வீட்டை நகர்த்தினார்கள், வேலை நகரவில்லை. நடுவே இருந்த இருபது கிலோமீட்டரைச் சாலையும் பேருந்தும்தான் கடக்க வேண்டும்.

காலை ஆறு மணிக்குள் நான்கு வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போகும் அம்மாவுக்கு ஆறு வழிச் சாலை முக்கியமா, குடியிருப்புக்குள் பேருந்து திரும்ப இடமுள்ள ஒரு தெரு முக்கியமா? இரண்டும்தான். குடியிருப்பில் இருந்து முதன்மைச் சாலைக்கு வரும் ஒரு கிலோமீட்டர் கெட்டுப்போய்க் கிடந்தால் பேருந்து உள்ளே வராது, வந்தாலும் திரும்ப முடியாது. 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. இந்தக் குடியிருப்புகளுக்கு அது பெரிய ஆறுதல். மாதச் செலவில் கண்ணுக்குத் தெரிந்த மிச்சம். ஆனால் கட்டணம் இல்லாத பேருந்து நேரத்துக்கு வரவும் வேண்டும். 2025-ல் பெரும்பாக்கம் பணிமனையில் இருந்து மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. பணிமனையை மக்கள் வாழும் இடத்துக்கு அருகில் வைத்தது சரியான முடிவு. காலை முதல் பேருந்து வெறும் வண்டியாக வெகுதூரம் ஓடி வர வேண்டாம்.

இந்தப் பகுதிக்கு இன்னொரு பாடும் உண்டு. தென் சென்னையின் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகத்தான் பக்கிங்காம் கால்வாய்க்குப் போக வேண்டும். அந்த மடுவை ஓ.எம்.ஆர். குறுக்கே கடக்கிறது. உயர்த்திப் போட்ட சாலைக்கு அடியில் நீர் போக விட்ட வாய் எவ்வளவோ அவ்வளவுதான் வடியும். 2015-லும், மிக்ஜாம் புயலின்போது 2023 டிசம்பரிலும் செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் தண்ணீரில் நின்றன. பேருந்தும் நின்றது. சாலைப் பணம் என்று நான் சொல்வதில் தாரும் ஜல்லியும் மட்டுமில்லை, மடுவின் வாயும் அடங்கும்.

தாழ்தளப் பேருந்து நடத்திய பாடம்

பேருந்தின் தேவையும் சாலையின் நிலையும் நேருக்கு நேர் மோதியது சென்னை உயர் நீதிமன்றத்தில். சக்கர நாற்காலியில் வருபவர் ஏறக்கூடிய 400 மில்லிமீட்டர் உயரத் தளம் கொண்ட பேருந்துகளை வாங்க வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் தரப்பில் வழக்கு. அரசுத் தரப்பு சொன்ன பதிலின் சாரம்: சென்னைச் சாலைகளில் வேகத்தடை அதிகம், மழையில் தண்ணீர் தேங்கும், பள்ளம் உண்டு, எல்லாத் தடத்திலும் தாழ்தளப் பேருந்து ஓடாது.

இதில் நகைமுரண் என்னவென்றால், சாலையும் அரசினுடையது, பேருந்தும் அரசினுடையது. தன் சாலை சரியில்லை என்பதைக் காரணம் காட்டித் தன் பேருந்தை வாங்காமல் இருக்க அரசே வாதாடியது. அந்த வாதம் பொய்யும் இல்லை, அதுதான் வேதனை. வேகத்தடையை விதிப்படி அமைப்பதும், நிறுத்தத்தில் நடைமேடையைப் பேருந்தின் படிக்கு இணையாக உயர்த்துவதும் மேம்பாலச் செலவுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. கடைசியில் நீதிமன்றத்தின் அழுத்தத்தில் தாழ்தளப் பேருந்துகளுக்கு ஆணை போனது. 2024 ஆகஸ்டில் முதல் தொகுதி தெருவுக்கு வந்தது. நிறுத்தத்தில் பேருந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து இறங்கிக் கொடுக்கிறது, பார்க்கவே அழகு. ஆனால் ஓரத்தில் ஒட்டி நின்றால்தானே சாய்வதற்குப் பலன்? ஓரத்தில் பைக்குகள் நிற்க, பேருந்து நடுச்சாலையில் சாய்ந்து கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன்.

மெட்ரோ வருகிறதே, இன்னும் எதற்குச் சாலை?

நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. மெட்ரோவின் இரண்டாம் கட்டம் மூன்று வழித்தடங்களில் 118.9 கிலோமீட்டர், மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். ஒன்றிய அமைச்சரவை 2024 அக்டோபரில் ஒப்புதல் தந்தது. மாதவரத்தில் இருந்து சிறுசேரி சிப்காட் வரையிலான 45.8 கிலோமீட்டர் வழித்தடத்தின் தெற்குப் பகுதி ஓ.எம்.ஆர். மீதே தூண் ஊன்றிப் போகிறது. வேலைக்கு இடம் விட்டு, 2021 ஆகஸ்ட் கடைசியில் பெருங்குடி உள்ளிட்ட நான்கு சாவடிகளில் சுங்கம் நின்றது. நாவலூரில் 2023 அக்டோபரில் நின்றது. மெட்ரோ தடுப்பு வைத்து மிச்சம் விட்ட வழியில் காரும் பேருந்தும் ஊர்ந்தன. ஆறு வழி போட்ட பதின்மூன்றாம் ஆண்டில் அதையே வெட்ட வேண்டி வந்தது. 2005-ல் சாலையை வரைந்தபோதே நடுவில் ரயிலுக்கு ஒரு பட்டை விட்டு வைத்திருந்தால் எவ்வளவு மிச்சமாகியிருக்கும் என்று நான் கணக்குப் போடப் போவதில்லை, வயிறு எரியும்.

மெட்ரோ ஓடத் தொடங்கியதும் நெடுக்குப் பயணம் மாறும், சந்தேகமில்லை. சிறுசேரிக்குப் போகிறவர் நெரிசலில் நிற்க வேண்டாம். ஆனால் மெட்ரோ ஒரு கோடு. அந்தக் கோட்டின் இருபுறமும் இருந்து ஆட்கள் நிலையத்துக்கு வர வேண்டும். மேடவாக்கத்தில் இருந்தும் பெரும்பாக்கத்தில் இருந்தும் நீலாங்கரையில் இருந்தும் வருகிறவர் எந்தச் சாலையில் வருவார்? ஓ.எம்.ஆரின் பெரிய குறையே அது நெடுக்கில் ஆறு வழி, குறுக்கில் சந்து என்பது. கிழக்கே கால்வாயைக் கடக்கப் பாலங்கள் குறைவு. மேற்கே சதுப்பும் ஏரிகளும், அவற்றைச் சுற்றி வரும் இரண்டு மூன்று சாலைகளும். எல்லாச் சிறு பயணமும் முதன்மைச் சாலைக்கு வந்துதான் மறுபடி பிரிய வேண்டியிருக்கிறது. பால் வாங்கப் போகிற வண்டியும் பாண்டிச்சேரி போகிற வண்டியும் ஒரே சந்திப்பில் நிற்கின்றன.

"சாலையை அகலப்படுத்தினால் வண்டி வந்து நிரப்பும்" என்கிற வாதத்தை நான் ஒப்புக்கொள்கிறேன். எட்டு வழியாக்கினாலும் ஓ.எம்.ஆர். நிரம்பும். ஆனால் கால்வாயின் மீது ஒரு குறுக்குப் பாலத்தை எட்டாவது வழியோடு ஒன்றாகச் சேர்த்துப் பேசக் கூடாது. அகலம் ஏற்கெனவே ஓடுகிற வண்டியை ஈர்க்கிறது. குறுக்கு இணைப்பு பத்துக் கிலோமீட்டர் பயணத்தை மூன்றாக்குகிறது. மூன்று கிலோமீட்டரைச் சிற்றுந்து ஓட்டலாம், சைக்கிள் மிதிக்கலாம். 2013-ல் சென்னையில் சிற்றுந்துகள் வந்தபோது உட்புறத் தெருக்களில் இருந்து ரயில் நிலையத்துக்கும் பேருந்து நிலையத்துக்கும் ஆளைக் கொண்டு சேர்ப்பதுதான் நோக்கம். பெரிய பேருந்து நுழையாத தெருவில் சின்னப் பேருந்து நுழையும் என்பது நல்ல யோசனை. தெரு என்று ஒன்று ஒழுங்காக இருந்தால்.

பறக்கும் ரயிலையே பாருங்கள். 2007-ல் வேளச்சேரி வந்தது. அங்கிருந்து பரங்கிமலைக்கு ஐந்து கிலோமீட்டர். 2008-ல் தொடங்கிய வேலை, ஆதம்பாக்கம் பக்கம் அரைக் கிலோமீட்டர் நிலத்துக்கான வழக்கில் சிக்கி, பதினைந்து ஆண்டுக்கு மேல் இழுத்தது. ரயிலே ஆனாலும் கடைசி அரைக் கிலோமீட்டர் இல்லாவிட்டால் அது இணைப்பு ஆகாது.

மறுபக்கம்: கிளாம்பாக்கம்

பேருந்துக்குப் பணம் போட்டு, அதற்குப் போகும் வழிக்குப் போடாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கிளாம்பாக்கம் காட்டியது. 2002-ல் திறந்த கோயம்பேடு நிலையத்தின் சுமையைக் குறைக்க, வண்டலூரை அடுத்து சுமார் 88 ஏக்கரில் கட்டிய பேருந்து முனையம். 2023 டிசம்பர் 30-ல் திறப்பு. கட்டடம் நன்றாகவே இருக்கிறது, தென் மாவட்டங்களுக்குப் போகும் பேருந்துகளை நகருக்கு வெளியே நிறுத்தும் எண்ணமும் சரி. ஆனால் அன்று பக்கத்திலேயே தண்டவாளம் ஓடியும் ரயில் நிலையம் இல்லை. விமான நிலையத்தில் இருந்து மெட்ரோ நீட்டிப்பு காகிதத்தில் இருந்தது. முனையத்துக்கும் ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலைக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே பாதுகாப்பாக நடக்க வழி இல்லை.

ஊரில் இருந்து அதிகாலை வந்து இறங்கியவர், கைக்குழந்தையும் மூட்டையுமாக, திருவொற்றியூருக்கோ ஆவடிக்கோ போக மாநகரப் பேருந்துக்குக் காத்து நின்றார். ஊர்ப் பயணத்தை விட நகருக்குள் போகும் பயணம் அலுப்பு என்று அன்று எல்லோரும் புலம்பினார்கள். 2024 பிப்ரவரியில் நள்ளிரவில் பேருந்து கிடைக்காதவர்கள் சாலையில் உட்கார்ந்தே விட்டார்கள்.

ஓ.எம்.ஆரில் சாலை முந்தியது. கிளாம்பாக்கத்தில் பேருந்து நிலையம் முந்தியது. பயணியின் கால் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி வலித்தது.

பணம் எந்தப் பையில் இருந்து

2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தில் இருந்து வந்த ஓர் உத்தரவு தென் மாவட்டங்களைத் திடுக்கிட வைத்தது. கப்பலூர், எட்டூர்வட்டம், சாலைப்புதூர், நாங்குநேரி ஆகிய நான்கு சுங்கச் சாவடிகளில் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் வைத்த பாக்கி 276 கோடி ரூபாய். அது தீரும்வரை அரசுப் பேருந்துகளை அந்தச் சாவடிகளில் விடக் கூடாது என்று உத்தரவு. பிறகு பேச்சு நடந்தது, பேருந்து நிற்கவில்லை. என்றாலும் அந்த வழக்கு ஓர் உண்மையைப் பளிச்சென்று காட்டிவிட்டது. ஐம்பது அறுபது பேரை ஏற்றி வரும் அரசுப் பேருந்து, பொதுச் சாலை ஒன்றில் கடனாளி. சாலை ஒரு கணக்கு, பேருந்து ஒரு கணக்கு என்று பிரித்து வைத்தால் போய்ச் சேரும் இடம் இதுதான்.

சாலையில் அரசே நேரடியாகப் பணம் போட வேண்டும் என்று நான் வாதிடுவது இந்த இடத்தில்தான். சுங்கத்தில் இருந்து திரும்ப எடுக்கிற சாலை, சுங்கம் கட்டுகிறவருக்காகவே வரையப்படும். நீலாங்கரைப் பாலத்துக்கும் பெரும்பாக்கத்து உள்தெருவுக்கும் ஒக்கியம் மடுவின் வாய்க்கும் எவரும் சாவடி வைத்து வசூலிக்க முடியாது. வசூலிக்க முடியாத இந்த வேலைகள்தான் பேருந்தை ஓட வைக்கின்றன. வரிப்பணம் போக வேண்டிய இடமும் அதுவே.

ஒருங்கிணைக்க அமைப்பு இல்லாமலும் இல்லை. சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்து ஆணையத்துக்கு, அதாவது கும்டாவுக்கு, 2010-லேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் நடைமுறைக்கு வந்தது 2019-ல். முதல் கூட்டம் நடந்தது 2022 நவம்பரில். பன்னிரண்டு ஆண்டு! பேருந்து, புறநகர் ரயில், மெட்ரோ மூன்றுக்கும் ஒரே சீட்டு என்ற செயலி 2025 செப்டம்பரில் வந்தது, நல்ல தொடக்கம். ஆனால் சீட்டை ஒன்றாக்குவது எளிய பாதி. எந்தச் சாலையைத் தோண்டலாம், எந்தச் சந்திப்பில் சிக்னலை எடுக்கலாம், எந்தப் பாலம் முதலில் என்று நெடுஞ்சாலைத் துறையிடமும் மாநகராட்சியிடமும் சொல்லும் அதிகாரம் இருந்தால்தான் ஒருங்கிணைப்புக்குப் பொருள்.

மாநகராட்சியும் 2014-ல் ஒரு கொள்கை வகுத்தது: போக்குவரத்துச் செலவில் 60 விழுக்காட்டை நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் ஒதுக்க வேண்டும் என்று. தி.நகர் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் 2019-ல் திறந்தபோது அந்தக் கொள்கைக்கு உருவம் கிடைத்தது. அங்கே போனால் நடப்பதே சுகம். அந்தச் சுகம் ஏன் கடைத்தெருவோடு நின்றது, காரப்பாக்கம் பேருந்து நிறுத்தம் வரை ஏன் வரவில்லை என்பது வேறு கதை.

பேருந்துக்குத் தனித்தடம் பற்றியும் ஒரு வார்த்தை. சென்னையில் அந்தப் பேச்சு பலமுறை எழுந்து அடங்கிவிட்டது. தில்லியில் 2008-ல் 5.8 கிலோமீட்டர் தனித்தடம் போட்டுப் பார்த்து, கார்க்காரர்களின் கோபம் தாங்காமல் 2016-ல் பெயர்த்தே எடுத்தார்கள். அகமதாபாத்தில் 2009-ல் தொடங்கியது நிலைத்துவிட்டது. மெட்ரோ வேலை முடிந்து தடுப்புகளை எடுக்கும்போது ஓ.எம்.ஆரில் ஒரு வாய்ப்பு வருகிறது. மூன்று நான்கு ஆண்டு இரண்டு வழியிலேயே ஊர்ந்து பழகிய சாலைக்குத் திரும்பக் கிடைக்கும் வழிகளில் ஒன்றைப் பேருந்துக்கு வைத்தால், யாரிடம் இருந்தும் எதையும் பிடுங்கியதாக ஆகாது. தடுப்பை எடுத்த மறுநாளே கார் நிரப்பிவிட்டால் பிறகு பிடுங்கத்தான் வேண்டியிருக்கும்.

அந்த வேலையோடு சேர்த்தே செய்யக்கூடியவை சில உண்டு. மெட்ரோ நிலையத்தின் படிக்கட்டைச் சாலையின் இருபுறமும் இறக்கி, சீட்டு எடுக்காதவரும் அதன் வழியே சாலையைக் கடக்க விடுவது. படிக்கட்டின் அடியிலேயே பேருந்து நிறுத்தத்தை வைப்பது, நூறு மீட்டர் தள்ளி அல்ல. சோழிங்கநல்லூரிலும் துரைப்பாக்கத்திலும் சிற்றுந்து திரும்ப இடம் விடுவது. மெட்ரோ தூணுக்குத் தோண்டிய சர்வீஸ் ரோட்டை மூடும்போதே வடிகாலையும் குழாயையும் முடித்து மூடுவது. இவற்றில் எதற்கும் புதுத் திட்டம் வகுக்க வேண்டாம், ஒப்பந்தத்தில் வரி சேர்த்தால் போதும்.

நீலாங்கரைப் பாலம் அந்தப் பட்டியலில் வராது, அதற்கு நிலம் வேண்டும். துரைப்பாக்கத்தில் மெட்ரோ நின்று கதவு திறக்கும் நாளில், கால்வாயின் கிழக்குக் கரையில் இருப்பவர் அந்த ரயிலைப் பார்க்க முடியும். ஏறுவதற்கு அக்கரை சுற்றித்தான் வர வேண்டுமா என்பது, அந்த நில எடுப்புக் கோப்பு இப்போது எந்த மேசையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.